ஓடைக்கு ஒரு தேதி

எங்கள் விக்கியில் எழுபத்தெட்டுப் பக்கம்.
யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம்.
அதிகம் அடிபட்டது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
‘மூடியிருக்கு’ என்பார் ஒருவர்,
‘திறந்தாச்சு’ என்பார் இன்னொருவர்,
அடுத்தவர் அதை வெட்டி மறுபடி ‘மூடியிருக்கு’.
ஒரே வரிக்கு நாலாயிரத்துச் சொச்சம் பதிப்பு.
கலைக்களஞ்சியம் என்று சொல்லக்
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

பவுலின் அக்கா ஒருநாள் கேட்டார்:
‘கேட்டு தொறந்துச்சானு பாக்க
உன் பக்கத்தாண்ட வந்து நிக்கணும்.
அதுக்குக் கேட்டாண்டயே நின்னுடலாம்.
தொறந்தா அதுவா வந்து சொல்லாதா?’

அதுவாக வந்து சொல்வதற்குச்
செய்தியோடை என்று பெயர்.
ஓடை என்றால் எங்கள் பக்கம்
கறுப்பாக இருக்கும், நகராது,
மேலே தெர்மாகோல் மிதக்கும்.
நான் எழுத நினைத்தது நகர்கிற ஒன்றை.

பகல் முழுக்கக் கன்டெய்னர் யார்டில்
பெட்டி எண் அடிப்பது என் வேலை.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
இரவில், ஃபேன் சத்தத்தில்,
இருநூற்றுப் பதினோரு வரி நிரல்.
அண்மைய மாற்றங்களை எடு,
தலைப்பைக் கொடு, சுட்டியைக் கொடு,
யார் எழுதியது சொல், மூடு.
திறக்கிற குறி ஒவ்வொன்றுக்கும்
மூடுகிற குறி ஒன்று வேண்டும்.
(கேட்டில் இந்த விதி தலைகீழாக இருந்தால் தேவலை.)

வியாழன் இரவு பதினொன்றே காலுக்கு ஏற்றினேன்.
தேதிக்கென்று ஒரு வரி உண்டு.
மறந்திருந்தேன்.

தேதியில்லாததெல்லாம் இப்போதே நடப்பது.
போன்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டன.

தண்ணி லாரி வந்துவிட்டதென்று
குடங்களோடு ஏழு பேர் முனைக்கு ஓடினார்கள்.
அது இரண்டு கோடைக்கு முந்தைய லாரி.
நாலாவது தெருவில் முழங்கால் தண்ணீர் என்றதும்
சையது பாஷா கிரைண்டரைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டார்.
வானத்தில் ஒரு மேகம் இல்லை.
போர்வெல்லில் டீசல் வாசனை.
காணவில்லை, பழுப்பு ஆடு.
கிடைத்தது, அதே ஆடு.
பொம்மி மகள் பத்தாவதில் நானூற்று ஆறு.
அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.
எழுத்துப்பிழை திருத்தம் மட்டும் முப்பத்தெட்டு முறை,
சிறு தொகுப்பு, சிறு தொகுப்பு என்று
பாயடியில் பூச்சி மாதிரி அதிர்ந்துகொண்டே.

வாசலில் ஆட்கள். கையில் குடம், வாயில் வசவு.
பவுலின் அக்கா மட்டும் திட்டவில்லை.
போனை நீட்டினார்.

‘கேட் திறந்தாச்சு. வந்துட்டே இருக்கேன்.
சோறு போட்டு வை. டைட்டஸ்.’

டைட்டஸ் இப்போது மீஞ்சூரில்,
வேறொரு வீட்டில்.
கேட் பக்கத்தில் சோறு பற்றி எழுதக்கூடாதென்று
அன்றைக்கே அதை அழித்தவள் நான்.
அழித்ததையும் வைத்திருப்பதுதான்
இந்த மென்பொருளின் பெருமை.

‘ஒரு நிமிசம் அடுப்பப் பத்த வெச்சுட்டேன்மா’ என்றார்.
பிறகு,
‘தேதி போட்டா இது எங்க போவும்?’
‘கீழ போகும்கா. ரொம்பக் கீழ.’
‘போவட்டும்.’

உட்கார்ந்து தேதியைச் சேர்த்தேன்.
பெட்டிக்கு இருப்பதுபோல
மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கொடுத்தேன்.
ஒருமுறை இறக்கியதை
மறுபடி யார் வீட்டு வாசலிலும்
இறக்காமலிருக்க.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி ஏற்றினேன்.
துறைமுகத்திலிருந்து கூட்ஸ் ஒன்று
ஊதிக்கொண்டு வந்தது.
போன் ஒரே ஒருமுறை அதிர்ந்தது.

12.52. ரயில்வே கேட்: முடியிருக்கு. பவுலின்.

அதன்மேல்,
12.54. எழுத்துப்பிழை திருத்தம். சையது பாஷா.